வீட்டில் கஞ்சாச் செடி: வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிப் பிள்ளைகளுக்காகப் போதைப்பொருள் வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர் நான். பொட்டலத்தோடு பிடிபட்ட பையன்களின் பெற்றோர்தான் முன்பெல்லாம் தேடி வருவார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: விதை போட்டு மொட்டைமாடியில் வளர்த்துக்கொண்டால் என்ன? பிள்ளைகள் செல்போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்; பெற்றோர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். எப்படி வளர்ப்பது என்று இங்கே சொல்லப்போவதில்லை. வளர்த்தால் சட்டத்தில் என்ன ஆகும், உடம்புக்கு என்ன ஆகும், வீட்டில் பார்த்துவிட்டால் என்ன செய்வது, இவற்றுக்குத்தான் பதில்.

சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு செடி. யாருக்கும் விற்கப்போவதில்லை. அதுவும் குற்றமா?

குற்றம்தான். போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985-இல் வந்தது. அதன் 8-ஆவது பிரிவு, ‘எந்தக் கஞ்சாச் செடியையும்’ பயிரிடக் கூடாது என்கிறது. மருத்துவம், அறிவியல் ஆராய்ச்சி போன்ற காரியங்களுக்கு அரசின் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு. எத்தனை செடி, எவ்வளவு உயரம், தோட்டமா தொட்டியா என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. விற்பதற்கா, சொந்தத்துக்கா என்றும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

தண்டனையைச் சொல்வது 20-ஆவது பிரிவு. பயிரிட்டதற்கு 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், அதோடு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீதிபதி அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். ஆனால் சட்டம் வரைந்திருக்கும் உச்ச எல்லை அதுதான்.

கையில் கொஞ்சம் வைத்திருப்பவனைவிட ஒரு தொட்டி வைத்திருப்பவனுக்கு அதிக தண்டனையா? நம்ப முடியவில்லையே.

நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காய்ந்த கஞ்சாவைக் கையில் வைத்திருந்தால் சட்டம் எடை பார்க்கிறது. 1 கிலோவுக்குக் குறைவானது ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-இல் திருத்தம் வருவதற்கு முன் அந்தச் சிறைவாசம் ஆறு மாதம் வரைதான் இருந்தது. 1 கிலோவிலிருந்து 20 கிலோ வரை இருந்தால் 10 ஆண்டுகள் வரை. 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. அதற்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள்.

செடிக்கு இந்தத் தராசு கிடையாது. பயிரிட்ட குற்றத்தில் ‘சிறிய அளவு’ என்றொரு படியே இல்லை. ஆகவே ஐம்பது கிராம் பொட்டலத்தோடு நிற்கும் பையன் அதிகபட்சம் ஓராண்டுச் சிறையை எதிர்கொள்கிறான். மாடியில் இரண்டு முழ உயரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பையன், பல கிலோ கடத்துகிறவனுக்கு உரிய பத்தாண்டு வரம்பை எதிர்கொள்கிறான். ‘வெளியில் வாங்கினால்தானே ஆபத்து, வீட்டில் வளர்த்தால் பாதுகாப்பு’ என்று பிள்ளைகள் போடும் கணக்கு அப்படியே தலைகீழானது. அவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை; வீடியோவில் பேசுகிறவருக்கு நம் நாட்டுச் சட்டம் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

விதையிலிருந்து அறுவடை வரை, எந்தக் கட்டத்தில் குற்றம் தொடங்குகிறது?

விதை தனியாக இருக்கும்போது அது சட்டத்தின் கண்ணில் கஞ்சா அல்ல. பூத்த அல்லது காய்த்த நுனிகளைத்தான் சட்டம் ‘கஞ்சா’ என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இதைப் படித்துவிட்டு, விதை வாங்கலாம் என்றால் நடவும் செய்யலாம் என்று முடிவு கட்டுகிறார்கள். அங்கேதான் சறுக்கல்.

விதையை மண்ணில் போட்டுப் பராமரிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து அது பயிரிடுதல். பூ வர வேண்டும் என்பதில்லை. செடியிலிருந்து போதை கிடைக்குமா என்பதும் அந்தக் குற்றத்துக்குத் தேவையில்லை. குற்றம் செய்ய முயன்றாலும், குற்றத்துக்கு உரிய அதே தண்டனை என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, முளைக்காமல் போனாலும் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பூ நுனிகளைப் பறித்துக் காயவைத்துவிட்டால் இரண்டாவது குற்றச்சாட்டு சேர்ந்துகொள்கிறது: உற்பத்தி செய்தது, வைத்திருந்தது. புகைத்தால் 27-ஆவது பிரிவில் மூன்றாவது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பனுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அது இன்னொன்று. பணம் வாங்காமல் கொடுத்தேன் என்பது பெரிய பாதுகாப்பு இல்லை.

வெளிநாட்டிலிருந்து தபாலில் விதை வரவழைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்த விதையானாலும் இறக்குமதிக்குப் பயிர்த் தனிமைப்படுத்தல் விதிகள் உண்டு. அதற்கென அனுமதியும் சான்றிதழும் வேண்டும். உறையில் எழுதியிருக்கும் முகவரி உங்கள் வீட்டு முகவரி என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பின்புறம் தானாக முளைத்திருக்கிறது. யாரும் போடவில்லை.

தானாக முளைத்த செடியும் ஒருவர் வளர்த்த செடியும் ஒன்றல்ல. தண்ணீர் ஊற்றி, உரம் வைத்து, பராமரித்து வளர்த்தார் என்று காட்டாமல், நிலத்தில் செடி இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் விடுதலை செய்த வழக்குகள் உண்டு. ஆனால் அது வழக்கு நடந்து முடியும்போது கிடைக்கும் ஆறுதல். அதற்கு முன் கைது, காவல், ஜாமீன் எல்லாம் இருக்கும். தொட்டியில் இருந்தால் ‘தானாக முளைத்தது’ என்ற வாதம் இன்னும் பலவீனமாகிவிடும்.

இன்னொன்று. தன் நிலத்தில் கஞ்சா சட்டவிரோதமாக வளர்கிறது என்று தெரிந்தும் நிலத்துக்காரர் தகவல் தராமல் இருந்தால் அதுவே தண்டனைக்குரியது என்று 46-ஆவது பிரிவு சொல்கிறது. சந்தேகமான செடி இருந்தால் ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தகவல் கொடுத்து, அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அது கஞ்சாதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகமாக இருக்கிறது.

அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள். நம் பகுதியில் பலரும் ஏமாறும் செடி புளிச்சகீரை. ஆந்திராவிலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்கள் கோங்குரா என்று ஆசையாக வளர்ப்பார்கள். அதில் ஒரு வகையின் இலை விரல் விரலாகப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும். அச்சு அசல் கஞ்சா இலை மாதிரியே தோன்றும். அந்த ஒற்றுமையை வைத்தே தாவரவியலார் அதற்கு ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’ என்று பெயரிட்டார்கள். வித்தியாசம் பூவில் தெரியும்: புளிச்சகீரைக்குச் செம்பருத்தி, வெண்டை மாதிரியான அகலமான வெளிர்மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவுக்கு அப்படி இதழ் விரிந்த பூ கிடையாது. சிறு சிறு பச்சைக் கொத்தாக, பிசுபிசுப்பாக, கடுமையான வாசனையோடு இருக்கும். மரவள்ளி இலையைப் பார்த்தும் குழம்புகிறவர்கள் உண்டு. அதன் இலையோரம் வழுவழுப்பாக இருக்கும், பல் இருக்காது.

புளிச்சகீரை வளர்த்த பாட்டியைத் தெருவே திரண்டு சந்தேகப்படும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வடநாட்டில் பாங்குக் கடையே இருக்கிறதே?

பாங்கு என்பது கஞ்சா இலையை அரைத்துச் செய்வது. வடக்கே சில மாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங்குக் கடைகள் இருப்பது உண்மை. மத்தியச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் தனி இலை வராததால் மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டத்தால் முறைப்படுத்துகின்றன. தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாங்கையும் தடைக்குள்தான் வைத்திருக்கிறது. அதோடு, இலைக்காக வளர்த்தாலும் வளர்த்தது செடியைத்தானே? 8-ஆவது பிரிவு இலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலேயே வளர்க்கிறார். இங்கே மட்டும் ஏன்?

கனடா 2018 அக்டோபரில் அனுமதித்தது. அந்நாட்டுப் பொதுச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடிகள் என்று அனுமதித்தது. அந்த நாடுகளிலும் எண்ணிக்கை, வயது, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பது என்று வரம்புகள் உண்டு. அங்கே வாழ்கிறவருக்கு அங்குள்ள சட்டம். அந்தச் சட்டம் விமானத்தில் ஏறி மீனம்பாக்கத்தில் வந்து இறங்காது.

நம் நாட்டிலும் 2018-இல் உத்தரகாண்ட் மாநிலம் நாருக்காகவும் தொழிலுக்காகவும் சணல் வகைக் கஞ்சாவைப் பயிரிட உரிமம் கொடுத்தது. அது போதைப்பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பயிர். 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையையும் விதை எண்ணெயையும் மாவையும் உணவாக அங்கீகரித்தது. கடையில் அந்த விதை விற்கிறது என்பதைக் காட்டி, ‘எல்லாம் சட்டப்படிதான்’ என்று பையன்கள் வாதிடுவார்கள். சாப்பிட அனுமதித்தது விதைக்க அனுமதித்தது ஆகாது.

இந்தச் சட்டம் மாற வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், அளவு பார்க்காமல் ஒரு தொட்டிக்குப் பத்தாண்டு என்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் மாறும்வரை அதன் கீழ்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டே. அம்மாவின் வலிக்காக வளர்க்கலாமா?

சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. மருந்துச் சட்டத்தின் அட்டவணை கஞ்சாவை நச்சுப் பொருட்களின் வரிசையில் வைத்து, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்து மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும் என்கிறது. வீட்டில் வளர்த்து வீட்டிலேயே அரைத்துக் கொடுக்க அது வழி விடவில்லை.

கஞ்சாவிலிருந்து வரும் பொருட்களுக்கு மருத்துவப் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாச் செடியில் உள்ள போதை தராத பொருளான சிபிடியை மருந்தாக அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. கீமோதெரபி வாந்திக்கும் டிஎச்சி சார்ந்த மாத்திரைகள் சில நாடுகளில் இருக்கின்றன. அவை அளவு தெரிந்த மருந்துகள். தொட்டிச் செடியில் எந்த நுனியில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்குப் புற்றுநோய் வலி என்றால் வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். மார்ஃபின் தேவைப்படும் நோயாளிகளுக்கு அது கிடைப்பதை எளிதாக்கவே 2014-இல் இதே போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது.

மகனின் அறையில் செடியைப் பார்த்துவிட்டேன். கை கால் ஓடவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்கள் பெரும்பாலும் கணவருக்குத் தெரியாமல்தான் வருகிறார்கள். தெரிந்தால் அடித்து வெளியே துரத்திவிடுவார் என்று பயம். துரத்தினால் அவன் போய்ச் சேரும் இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அடிக்க வேண்டாம், துரத்த வேண்டாம்.

முதலில் செய்யக் கூடாதவை. செடியை நண்பன் வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ மாற்றாதீர்கள். இன்னொரு குடும்பமும் வழக்கில் சேரும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ‘இது என்ன செடி’ என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். ‘போலீசில் எனக்கு ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள். இப்படிப்பட்ட இடைத்தரகர்களிடம் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போனதுதான் மிச்சம்.

அடுத்தது, தாமதிக்காதீர்கள். தெரிந்தும் வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் அதே தண்டனை என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது நீங்கள் பார்த்த நாளிலிருந்து அது உங்கள் பிரச்சினையும் ஆகிறது. அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். செடியை என்ன செய்வது, யாரிடம் எப்படித் தகவல் சொல்வது என்பதை அவர் உங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். நேரில் பார்க்காமல் எழுத்தில் எல்லாருக்கும் பொதுவாக அதைச் சொல்வது சரியாக இருக்காது.

மகனிடம் பேசும்போது சட்டத்தை முன்னால் வையுங்கள். மானம், மரியாதை, அக்கம்பக்கம் எல்லாம் பிறகு. ‘பொட்டலத்துக்கு ஓராண்டு, தொட்டிக்குப் பத்தாண்டு’ என்ற அந்த ஒரு வரி, அழுகையும் கத்தலும் செய்யாததைச் செய்யும். பிறகு அவன் எவ்வளவு புகைக்கிறான், எப்போதிலிருந்து, தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். பதில் உடனே வராது. மறுபடி கேளுங்கள்.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால்?

வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்க முடியாது. புழல் சிறை என்ற பேச்சே எழக் கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கம் திருத்துவதுதான். வழக்கின் விளைவாகப் பிள்ளையின் எதிர்காலத்துக்குத் தகுதியிழப்பு வரக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழை உடனே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ‘பார்க்கப் பெரியவனாக இருக்கிறான்’ என்று வயது தவறாகப் பதிவாகாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் முதல் வேலை.

சிறுவனிடம் போதைப்பொருள் கொடுத்தவருக்கும், அவனை விற்கவோ எடுத்துச் செல்லவோ பயன்படுத்தியவருக்கும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்கள் பிள்ளையை யாராவது தூண்டியிருந்தால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். பல வழக்குகளில் பிடிபடுவது சிறுவன், பின்னால் இருந்தவன் வெளியே.

வாடகைக்கு இருப்பவர் வளர்த்தால் வீட்டு உரிமையாளர் மாட்டுவாரா?

தெரிந்து அனுமதித்தால்தான். தெரியாது என்பது உண்மையானால் அதுவே பாதுகாப்பு. தெரிந்த பின் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடியும் படிக்கட்டும் யார் பயன்பாட்டில் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரே மாடியை நான்கு குடும்பம் பயன்படுத்தும் நம் பகுதி வீடுகளில், யாருடைய தொட்டி என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

போலீஸ் வீட்டைச் சோதனையிட வந்தால் நமக்கு என்ன உரிமை?

தடுக்காதீர்கள், ஓடாதீர்கள். ஆனால் உரிமைகளைக் கேளுங்கள்.

உடலைச் சோதிப்பதற்கு முன், விரும்பினால் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லலாம் என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இது 50-ஆவது பிரிவு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். பை, அலமாரி, மாடி ஆகியவற்றின் சோதனைக்கு இந்த 50-ஆவது பிரிவு பொருந்தாது. சூரியன் மறைந்த பிறகு வாரண்டு இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதிவைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒளி, ஒலியோடு பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்கிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சாசனமும் சட்டமும் கொடுத்தவை. யாரிடமும் கெஞ்சிப் பெற வேண்டியவை அல்ல.

இயற்கையான மூலிகைதானே, சிகரெட்டைவிடத் தேவலை என்கிறான்.

ஊமத்தையும் இயற்கைதான். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. பெண் செடியின் பூ நுனியில்தான் அது அதிகம். மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதுக்குள் அடிக்கடி புகைத்தால் நினைவாற்றலும் கவனமும் அடிபடும். சிலருக்கு இல்லாத குரல் கேட்பது, எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற பயம் போன்ற மனச்சிதைவு அறிகுறிகள் வரும். சின்ன வயதில் தொடங்கினாலும், தினமும் புகைத்தாலும், குடும்பத்தில் மனநோய் இருந்தாலும் இந்த ஆபத்து கூடும். கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டார்கள் என்பதும் தவறு. புகைப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும், பதின்பருவத்தில் தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கும் அடிமைத்தனம் வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

விட முடியவில்லை என்கிறான். மருத்துவமனைக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா?

நல்ல மனநல மருத்துவர் அப்படிச் செய்ய மாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்தையும் மனநலப் பிரச்சினையாகவே பார்க்கிறது. நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குப் போகலாம். ‘கீழ்ப்பாக்கம்’ என்று கேலி பேசும் வழக்கத்தை முதலில் நாம் விட வேண்டும். அந்த ஒரு கேலியால் எத்தனை பேர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவி எண். இரண்டும் கட்டணமில்லாதவை.

நிறுத்தியதும் முதல் வாரம் கடினமாக இருக்கும்: எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கெட்ட கனவு. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். அந்த நாட்களில் வீட்டில் உள்ளவர்கள் அவன் கோபத்துக்குக் கோபத்தால் பதில் சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்திருக்கும் அடிமை, தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். இது 64ஏ பிரிவு. பாதியில் நிறுத்தினால் விலக்கும் போய்விடும். செடி வளர்த்த குற்றத்துக்கோ ‘சிறிய அளவு’ என்பதே கிடையாது. அதனால் இந்தக் கதவு வழியாக அந்தப் பையனை வெளியே கொண்டுவருவது மிகக் கடினம். வீட்டில் செடி கூடவே கூடாது என்று நான் இத்தனை முறை சொல்வதற்கு இதுவும் காரணம்.

செடி வளர்ப்பதுதான் பிடித்திருக்கிறது என்கிறான். அது பொய்யா?

எல்லா நேரமும் பொய் இல்லை. விதை முளைப்பதைப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை. அதைக் கேலி செய்யாதீர்கள். மிளகாய் கொடுத்துப் பாருங்கள். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தட்டில் விதைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். 35 முதல் 40 நாளில் பெரிய பைக்கு மாற்றலாம். அதிலிருந்து இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் பறிக்கலாம்.

நம் பகுதியில் இரண்டு தொல்லை. காசிமேடு, திருவொற்றியூர் மாடிகளில் உப்புக் காற்று இலையோரத்தைக் கருக்கும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, கடல் பக்கம் மறைத்து வையுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மெட்ரோ தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ ஊற்றுங்கள். இலை சுருண்டால் பேன், சிலந்திப் பூச்சி வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, மாலையில் தெளிக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் நிழல்வலை கட்டாயம். மிளகாய் அவ்வளவு சுலபமான பயிர் இல்லை. கவனம் கேட்கும் செடிதான் இந்த வயதுப் பையன்களைப் பிடித்து நிறுத்தும்.

ஒரு வழக்கு வந்துவிட்டால் வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விடுமா?

வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அரசு வேலைக்கும் காவல்துறை வேலைக்கும் முன்வரலாறு சரிபார்ப்பில் வழக்கு தெரியும். மறைத்தால் மறைத்ததே தனிப் பிரச்சினையாகும். விடுதலையானால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னை முகவரி என்றாலே ஒரு மாதிரி பார்க்கும் நேர்முகத் தேர்வு அறைகள் இன்னும் இருக்கின்றன. குத்துச்சண்டையிலும் கால்பந்திலும் கேரம் பலகையிலும் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் நிறைந்த தெருக்கள் இவை. ஆனாலும் அந்தப் பார்வைக்கு நம் பையன்கள் மற்ற இடத்துப் பையன்களைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். அதற்காகவே ஒரு வழக்குக்கூட அவர்கள் பெயரில் ஏறக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை.

பணம் இல்லை என்பதற்காக யாரும் வழக்கறிஞர் இல்லாமல் நிற்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மகன் சிறையில் இருந்தால், சிறைக்குள்ளேயே இருக்கும் சட்ட உதவி மையத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். போகும்போது முதல் தகவல் அறிக்கையின் நகல், வயதுச் சான்று, ஏற்கெனவே சிகிச்சை பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.